கரண்ட் போகும் நாளுக்கு அளவெடுங்கள்!

வீட்டுக் கடல் மீன் தொட்டியைப் பெரிதாக்க நினைப்பவர்களுக்கு அந்தமான் சொல்லும் கணக்கு

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 செப்டம்பரில் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் படகுத்துறைக்குச் சுமார் ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து படகேறினால் ஜாலி பாய் தீவு. கரையை நெருங்கியதும் அடியில் கண்ணாடி பதித்த சின்னப் படகுக்கு மாற்றுவார்கள். காலுக்குக் கீழே பவளத் திட்டு நகரும். சாமந்தி போல விரிந்த கடல் தாமரைக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன்கள் போய் வரும். படகில் இருக்கும் குழந்தைகள் எந்த மாநிலத்திலிருந்து வந்திருந்தாலும் ஒரே பெயரைத்தான் கத்துவார்கள்: "நெமோ!"

அந்த ஆசையோடு ஊர் திரும்பி, ஹாலில் ரெண்டடித் தொட்டி ஒன்று வைத்து, உப்பு கலக்கப் பழகி, இரண்டு நெமோக்களை ஓராண்டு சாகாமல் காப்பாற்றிவிட்டவர்களுக்கு அடுத்து வரும் கேள்விதான் இந்தக் கட்டுரை. நாலடி போடலாமா? ஆறடி போடலாமா?

சென்னை கொளத்தூர் அலங்கார மீன் சந்தையில் கேட்டாலும், ஸ்ரீ விஜயபுரத்தின் அபெர்தீன் பஜாரில் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "இடம் எவ்வளவு இருக்கோ அவ்வளவு பெருசா போடுங்க சார்." கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் பதிலும் அதுதான். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள அந்தமானை விட நல்ல இடம் கிடையாது. கடல் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் குடிதண்ணீர் முறை வைத்து வருகிறது. மின்சாரம் பெரும்பாலும் டீசலில் ஓடுகிறது. ஒரு மோட்டார் பழுதானால் மாற்று உதிரி கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டும். நிலநடுக்க வரைபடத்தில் தீவுகள் முழுவதும் மிக அபாயமான மண்டலம். இங்கே தாக்குப்பிடிக்கும் தொட்டி எங்கேயும் தாக்குப்பிடிக்கும்.

பெரிசு நல்லது என்பது எதுவரை?

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஒரு மீன் நம் கண்ணில் படாத மூலையில் செத்து அழுகினால் வரும் அம்மோனியா ரெண்டடித் தொட்டியின் 54 லிட்டரில் மற்ற மீன்களையும் கொன்றுவிடும். நாலடித் தொட்டியின் 324 லிட்டரில் அதே அம்மோனியா ஆறில் ஒரு பங்கு அடர்த்திதான். காலையில் பார்த்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

சூட்டுக்கும் இதே கணக்குதான். தண்ணீருக்குள் ஓடும் 60 வாட் மோட்டார் தன் மின்சாரத்தை எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் விடுகிறது. அந்த வெப்பம் வெளியே போகவே இல்லை என்று வைத்துக்கொண்டால் 54 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏறச் சுமார் ஒரு மணி நேரம் போதும். 324 லிட்டருக்கு ஆறு மணி நேரம் ஆகும். ஏப்ரல், மே மாதத்தில் தீவிலும் சென்னையிலும் வீட்டுக்குள்ளேயே 31, 32 டிகிரி நிற்கும்போது இந்த ஐந்து மணி நேர வித்தியாசம் பெரிய விஷயம்.

அதனால் ரெண்டடியிலிருந்து நாலடிக்குப் போவதில் கிடைக்கும் பாதுகாப்பு உண்மையானது. நாலடியிலிருந்து ஆறடிக்குப் போகும்போதும் அது கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் அதற்குள் வேறு கணக்குகள் ஏறிவிடுகின்றன. மோட்டாரின் வாட், வாரம் கலக்க வேண்டிய உப்பு, தரை தாங்கும் பாரம், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்கும் நேரம் எல்லாம் தொட்டியோடு சேர்ந்து வளர்கின்றன. வீட்டில் ஆள் மட்டும் வளர்வதில்லை. வாளி தூக்கப் போவது அதே இரண்டு கைகள்தான்.

முதலில் மீன், பிறகுதான் கண்ணாடி

தொட்டியை முடிவு செய்துவிட்டு அதற்குள் எந்த மீன் விடலாம் என்று கேட்பதுதான் வழக்கம். அதைத் திருப்பிப் போட வேண்டும். எந்த மீன் வேண்டும், அது முழுசாக வளர்ந்தால் எவ்வளவு நீளம், ஒரு நாளைக்கு எவ்வளவு நீந்தும் என்பதுதான் முதல் கேள்வி.

கோமாளி மீன் கடலிலேயே வீட்டை விட்டு அதிகம் போகாத பிராணி. தன் கடல் தாமரையைச் சுற்றிச் சில மீட்டருக்குள் வாழ்நாளைக் கழித்துவிடும். கடைகளில் அதிகம் கிடைக்கும் ஒசெல்லாரிஸ் வகை 8 முதல் 11 செ.மீ. வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுக்கு மேல் இருக்கும். பிறக்கும்போது எல்லாமே ஆண். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். எனவே இரண்டு சிறிய குஞ்சுகளை வாங்கினாலே ஜோடி சேர்ந்துவிடும். இந்த ஜோடிக்கும் கூடவே ஓரிரு சின்ன கோபி மீன், ஒரு சுத்தம் செய்யும் இறால் ஆகியவற்றுக்கும் மூன்றடித் தொட்டி தாராளம்.

சிக்கல் தொடங்குவது 'டோரி'யில். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நெமோ' படம் கோமாளி மீனோடு டோரியாக வந்த ப்ளூ டேங் மீனையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. கடையில் அது தீப்பெட்டி அளவில் இருக்கும். வளர்ந்தால் 30 செ.மீ. தொடும். நாள் முழுக்க ஓரிடத்தில் நிற்காமல் நீந்தும். அதற்கு ஆறடிக்குக் குறைந்தது எதுவும் கூண்டுதான். அந்தமான் கடலில் கூட்டம் கூட்டமாகத் திரியும் பவுடர் ப்ளூ டேங்குக்கும் அதே இடம் வேண்டும். போதாக்குறைக்கு வெள்ளைப்புள்ளி நோய் அதைத்தான் முதலில் பிடிக்கும். நீண்ட முதுகுத் துடுப்போடு அழகு காட்டும் மூரிஷ் ஐடல் கடலில் கடற்பஞ்சைக் கொறித்து வாழ்வது. பெரும்பாலான தொட்டிகளில் அது பட்டினி கிடந்தே சாகும். அதற்குச் சரியான வீட்டுத் தொட்டி என்று ஒரு அளவு இல்லை. வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆறடி வேண்டும் என்று மனசு சொன்னால் அது எந்த மீனுக்காக என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பதில் 'டேங்' வகை மீன் என்றால் ஆறடி நியாயம். 'ஹாலுக்கு எடுப்பாக இருக்கும்' என்பதுதான் பதிலென்றால் நாலடி போதும்.

பவளம் இல்லாத பவளத் தொட்டி

வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கும் தொட்டிகளில் வண்ண வண்ணமாக உயிர்ப் பவளங்கள் அசையும். அதைப் பார்த்து அளவெடுக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். இந்தியாவில் கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலுக்குள் 2001-ல் வந்துவிட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பட்டியல். கடற்குதிரையும் கடலட்டையும் அதே அறிவிப்பில் சேர்ந்தவை. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. செத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டானாலும் கணக்கு ஒன்றுதான். நினைவுக்கு ஒரு துண்டு எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும் பயணிகள் இன்றும் உண்டு.

'லைவ் ராக்' என்ற பெயரில் விற்கப்படும் கல்லும் பெரும்பாலும் பழைய பவளத்தின் எலும்புக்கூடுதான். சிமென்ட்டிலும் பீங்கானிலும் துளை துளையாகச் செய்த செயற்கைக் கல் இப்போது நன்றாகவே கிடைக்கிறது. பாக்டீரியாவுக்கு வேண்டியது துளைகள்தான். அது கடலில் பிறந்ததா, சூளையில் வெந்ததா என்று பாக்டீரியா பார்ப்பதில்லை.

சட்டத்தை மதிப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. கடினப் பவளத்துக்குத்தான் கொளுத்தும் விளக்கும், துல்லியமான கால்சியம் அளவும், 24 முதல் 27 டிகிரிக்குள் கட்டிப்போட்ட வெப்பமும் தேவை. கல்லும் மீனும் மட்டும் என்றால் சாதாரண எல்.இ.டி. போதும். அந்தமான் மீன்கள் 28, 29 டிகிரிக் கடலில் பிறந்தவை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமலே பல வீடுகளில் சமாளித்துவிடலாம். விளக்குக்கும் சில்லருக்கும் போக இருந்த பணத்தை நல்ல மோட்டாருக்கும் இன்வெர்ட்டருக்கும் திருப்பலாம்.

பவளத்தைக் கடலில் பார்ப்பதே முறை. வண்டூரிலுள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983-ல் அமைந்தது. ஜாலி பாயையும் ரெட் ஸ்கின்னையும் ஆண்டில் மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள், திட்டுகள் மூச்சு விட. அந்தத் திட்டுகள் ஏற்கெனவே 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடற்சூட்டில் வெளுத்து மீண்டவை, பல இடங்களில் மீளாதவை. 2004 சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் வட அந்தமான் பக்கம் கடற்தரையே மேலெழும்பி, நீருக்குள் இருந்த பவளத் திட்டுகள் வெயிலில் காய்ந்து செத்தன. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு அறிவிக்கப்பட்டது. இந்த நிலையில் ஒரு வீட்டு ஹாலுக்காக அங்கிருந்து ஒரு துண்டும் வரக் கூடாது.

கரண்ட் போன ராத்திரி

அந்தமானுக்கு நிலப்பரப்பிலிருந்து மின்கம்பி கிடையாது. ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனி மின் நிலையம், பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர். தென் அந்தமானில் நம்ம நெய்வேலி என்.எல்.சி. 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருக்கிறது. இருந்தும் மின்தடை தீவு வாழ்க்கையின் ஒரு பகுதி. புயல் சின்னம் உருவானால் சென்னையிலும் கடலூரிலும் நிலைமை வேறு மாதிரி இல்லை.

இரவு பதினோரு மணிக்குக் கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் காதுக்குத்தான் தெரியும். கீழே உள்ள வடிகட்டித் தொட்டியான சம்ப்பில் தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கும். அடுத்த ஓரிரு நிமிஷத்தில் மேல் தொட்டியில் ஓரம் வரை நின்ற தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்கும். நாலுக்கு ரெண்டடித் தொட்டியில் இரண்டு செ.மீ. இறங்கினாலே 14 லிட்டர். சம்ப்பில் அந்த இடத்தைக் காலியாக விடாதவர் வீட்டில் தரை நனையும். ஆறடித் தொட்டியில் அதே இரண்டு செ.மீ. என்பது 21 லிட்டருக்கு மேல்.

பிறகு ஆக்சிஜன். 28 டிகிரியில் கடல் தண்ணீர் லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் ஆக்சிஜனைக்கூடத் தாங்காது. நன்னீர் 8-ஐ ஒட்டித் தாங்கும். சூடு ஏற ஏற இந்த அளவு இன்னும் குறையும். மீனும் இறாலும் மூச்சு விடுகின்றன. கல்லில் உள்ள பாக்டீரியாக்களும் அதே ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கலக்கிவிட ஆள் இல்லாததால் மேற்பரப்புக் காற்று கீழே இறங்காது. கூட்டமாக மீன் உள்ள தொட்டியில் சில மணி நேரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து வேகமாக மூச்சு வாங்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் செவுள் மூடிகள் படபடவென அடிப்பது தெரியும். பெரிய மீன்தான் முதலில் போகும்.

இந்த ராத்திரிக்குத்தான் அளவெடுக்க வேண்டும். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பாதியைத்தான் பயன்படுத்துவோம் என்று கொண்டால் 900. நாலடித் தொட்டிக்கு 40 வாட் மோட்டாரும் தண்ணீரைக் கலக்கிவிடும் 20 வாட் வேவ்மேக்கரும் போதும். இன்வெர்ட்டர் தின்பது போகப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். ஆறடித் தொட்டியின் மோட்டார்களும் வேவ்மேக்கர்களும் சேர்ந்து 200 வாட்டைத் தொட்டால் அதே பேட்டரி நாலு மணி நேரம்தான். சில்லரையும் அதில் மாட்டிவிட்டால் கணக்கே இல்லை.

இதோடு இன்னொரு பழக்கமும் நல்லது. ஒரு பெரிய மோட்டாருக்குப் பதில் இரண்டு சின்ன மோட்டார் போடுங்கள். ஒன்று எரிந்தாலும் மற்றது ஓடும். சென்னையிலிருந்து கப்பலில் சாமான் வர மூன்று நாள் பயணம், அதற்கு முன் கப்பலே கிளம்ப வேண்டும். தீவில் இருப்பவர்கள் மாற்று மோட்டாரை அலமாரியில் வைத்துக்கொள்வது இதனால்தான். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கட்டும்.

உப்புத் தண்ணீர் இருக்கிறது, நல்ல தண்ணீர்?

கடல் பக்கத்திலேயே இருக்கும்போது ஒரு குடம் மொண்டு வந்தால் போதாதா என்று தோன்றும். தீவில் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மே முதல் டிசம்பர் வரை நீளும் மழையில் ஓடைகள் கடலில் கலக்கும்போது கரையோர உப்பின் அளவு இறங்கும், சேறும் வரும். துறைமுகப் பக்கம் எண்ணெய்ப் படலம். வெளிப்புறக் கடற்கரையில், ஏற்றத்தின்போது, ஓடை வாயிலிருந்து தள்ளி எடுத்து, மூடி வைத்துத் தெளியவிட்டு, உப்பு அளந்த பிறகே ஊற்ற வேண்டும். சென்னைக்காரர்கள் மெரினாத் தண்ணீரை நினைத்தும் பார்க்க வேண்டாம். பாக்கெட் உப்புதான் வழி. லிட்டருக்குச் சுமார் 35 கிராம்.

உப்பை விடக் கஷ்டமானது நல்ல தண்ணீர். தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். நாலுக்கு ரெண்டடித் தொட்டியில் நாளுக்கு அரை செ.மீ. குறைந்தாலே மூன்றரை லிட்டர் ஆகிறது. மின்விசிறி வைத்துக் குளிர்விப்பவர்களுக்கு இன்னும் கூடும். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தருவதற்கு மூன்று, நாலு லிட்டரைக் கீழே விடும். ஆண்டுக்கு 3,000 மி.மீ. மழை பெய்தும், கோடையில் தானிக்கரி அணை இறங்கிவிட்டால் ஸ்ரீ விஜயபுரத்தில் குழாய்த் தண்ணீர் இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறைதான். அந்த நாளில் ஆறடித் தொட்டிக்காரர் மீனுக்குத் தண்ணீர் ஊற்றுவாரா, வீட்டுக்கு ஊற்றுவாரா?

மழைத் தண்ணீரைப் பிடிக்கலாம் என்றால் ஒரு எச்சரிக்கை. தீவு வீடுகளின் கூரை பெரும்பாலும் துத்தநாகம் பூசிய தகரம். அதில் வழியும் தண்ணீரில் துத்தநாகம் கரைந்து வரும். இறாலுக்கும் நத்தைக்கும் அது விஷம், செம்பும் அப்படித்தான். மழைநீர் வேண்டுமானால் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பில், முதல் மழையை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவது பொது வழக்கம். வாங்குவதற்கு முன் அதை ஒரு தடவை வெறும் வாளியில் ஒத்திகை பாருங்கள். நாலுக்கு ரெண்டுக்கு ஒன்றரையடித் தொட்டிக்கு 32 லிட்டர், அதாவது இரண்டு வாளி. முந்தின நாளே உப்பைக் கலந்து மோட்டார் விட்டுச் சுழற்ற வேண்டும். உப்பு அளந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, பழையதை உறிஞ்சி எடுத்துப் புதியதை மெதுவாக ஊற்ற ஒரு மணி நேரமாவது போகும். ஆறடிக்கு இது 65 லிட்டர், ஒவ்வொரு வாரமும், ஆண்டு முழுக்க. தொட்டி கைவிடப்படுவது பெரும்பாலும் நோயால் இல்லை, இந்த வாளியால்தான்.

தரை என்ன சொல்கிறது?

நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டடித் தொட்டியில் 432 லிட்டர். கடல் தண்ணீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்பதால் தண்ணீர் மட்டும் 440 கிலோவுக்கு மேல். 12 மி.மீ. கண்ணாடி 85 கிலோ, கல், மணல், சம்ப், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் முக்கால் டன்னை ஒட்டும். அது நிற்கும் இடம் ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. இந்தியத் தர விதிகள் வீட்டு அறைகளுக்குக் கணக்கில் கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இதற்காகத் தளம் உடனே இடிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், பாரம் சுற்றிலும் பரவும். ஆனால் மாடி வீட்டில் ஹாலின் நடுவில் வைக்கக் கூடாது. உத்திரம் ஓடும் சுவரோரமாக வைக்க வேண்டும். ஆறடி என்றால் ஒரு பொறியாளரைக் கேட்காமல் வைக்கவே கூடாது. வாடகை வீட்டில் வீட்டுக்காரரையும்.

தீவில் இன்னும் பல பழைய வீடுகள் மரத் தரை கொண்டவை. அங்கே மூன்றடிக்கு மேல் நினைக்க வேண்டாம். ஸ்டாண்டுக்கு அந்தமானில் பேர்பெற்ற படாக் மரம் உறுதியானது. இரும்பு என்றால் உப்புக் காற்றில் ஓராண்டிலேயே துரு ஏறும், நல்ல பெயின்ட் அடித்திருக்க வேண்டும். ஸ்டாண்டைச் சுவரோடு பிணையுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஐந்து செ.மீ. கண்ணாடி விடுங்கள். லேசான நடுக்கத்தில் முதலில் வெளியே குதிப்பது தண்ணீர்தான், அதன் கீழே பிளக் பாயின்ட் இருந்தால் ஆபத்து.

உயரத்தைக் குறையுங்கள், அகலத்தைக் கூட்டுங்கள்

அளவு என்றதும் லிட்டரைத்தான் கேட்கிறோம். அதே லிட்டரை எந்த வடிவத்தில் வைக்கிறோம் என்பதும் சமமாக முக்கியம்.

உயரமான தொட்டிக்கு ஒரு சாதகம் உண்டு. ஒரு செ.மீ. தண்ணீர் ஆவியானால் ஓரடி உயரத் தொட்டியில் உப்பு 35-லிருந்து 36.2-க்கு ஏறிவிடும். இரண்டடி உயரத்தில் 35.6 தான். ஆனால் காற்று கலப்பது மேற்பரப்பில். அகலம் கூடினால் மூச்சு கூடும். இரண்டடிக்கு மேல் உயரம் என்றால் அடியில் விழுந்த ஒரு காந்தத்தை எடுக்கவே தோள் வரை கையை விட வேண்டும், விளக்கும் அடி வரை போகாது, கண்ணாடியும் தடிமனாக வேண்டும். எனவே ஒன்றரையடி உயரம், இரண்டடி அகலம் என்பது நல்ல சமரசம். அகலம் இருந்தால் கல்லைச் சுவரில் சாய்க்காமல் நடுவில் அடுக்கலாம், மீன் சுற்றி வர வழி கிடைக்கும்.

அளவுகளும் வாராந்திர வேலையும் (ஓரடி = 30 செ.மீ. கணக்கில்)

2 x 1 x 1 அடி: 54 லிட்டர். வாரம் 5 லிட்டர் மாற்ற வேண்டும். பழகுவதற்கு மட்டும்.

3 x 1½ x 1½ அடி: 182 லிட்டர். வாரம் 18 லிட்டர், உப்பு 630 கிராம். நெமோ ஜோடிக்கு நிறைவு.

4 x 2 x 1½ அடி: 324 லிட்டர். வாரம் 32 லிட்டர், உப்பு சுமார் 1.1 கிலோ. பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

4 x 2 x 2 அடி: 432 லிட்டர். வாரம் 43 லிட்டர், உப்பு 1.5 கிலோ. தரைத்தளம் நல்லது.

6 x 2 x 2 அடி: 648 லிட்டர். வாரம் 65 லிட்டர், உப்பு 2.3 கிலோ. டேங் மீனும் இரண்டாவது பேட்டரியும் இருந்தால் மட்டும்.

கல்லும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் உண்மையான தண்ணீர் இதைவிடக் கொஞ்சம் குறைவு. மருந்து போடும்போது மட்டும் அதை மறக்காதீர்கள்.

மாறும் நாள்

புதுத் தொட்டி வந்த அன்றே மீனை மாற்றுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. புதுத் தொட்டியில் தண்ணீர் இருக்கும், பாக்டீரியா இருக்காது. ஒன்றுமில்லாமல் தொடங்கினால் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சையும் சில கற்களையும் புதிய சம்ப்பில் போட்டால் அந்தக் காலம் குறையும். பழைய மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். அடியில் தேங்கிய அழுக்கு முழுவதும் ஒரே நாளில் கிளம்பும்.

இரண்டு தொட்டிகளும் கொஞ்ச நாள் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சைபர் காட்டிய பிறகு முதலில் ஒரு மீன். ஒரு வாரம் கழித்து அடுத்தது. சொந்த இடம் பிடித்துக்கொண்டு சண்டை போடும் டாம்செல் மீன் இருந்தால் அதைக் கடைசியில் விடுங்கள். பெரிய தொட்டி வந்துவிட்டது என்று அதே வாரத்தில் ஆறு புது மீன் வாங்கினால், கூடுதல் தண்ணீர் தந்த பாதுகாப்பை நாமே தின்றுவிடுகிறோம். பழைய ரெண்டடித் தொட்டியை விற்க வேண்டாம். புதிதாக வரும் மீனை மூன்று, நாலு வாரம் தனியாக வைத்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

எங்கே வாங்குவது?

கடல் மீனைக் கண்ணாடிக்குள் பார்க்கும் பழக்கம் தமிழர்களுக்குப் புதிதில்லை. சென்னை மெரினாவில் கடல்வாழ் உயிரினக் காட்சிசாலை 1909-லேயே திறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. அன்று மீன் எல்லாம் வலையில் வந்ததுதான். வீட்டில் பவளத் தொட்டியை ஓட்டலாம் என்று எழுதிக் காட்டியவர் ஜகார்த்தாவின் லீ சின் எங், 1961-ல். அவரும் கடலிலிருந்தே கல்லும் தண்ணீரும் எடுத்தார். பக்கத்தில் வளமான கடல் இருந்த காலம் அது.

இன்று கடலிலிருந்து எடுக்கத் தேவையில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபம், விழிஞ்ஞம் ஆகிய இடங்களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. ஸ்ரீ விஜயபுரத்தில் 1978-ல் தொடங்கிய மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலும் அலங்காரக் கடல் மீன் வளர்ப்பு ஆய்வு நடக்கிறது. லட்சத்தீவின் அகத்தியில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து அலங்கார இறால் வளர்க்கிறார்கள்.

வேலை பொறுமையானது. ஜோடி மீன் ஒரு ஓட்டிலோ கல்லிலோ முட்டை ஒட்டும். ஆண் மீன் ஏழெட்டு நாள் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறி, கெட்டுப்போன முட்டையைப் பொறுக்கி எறியும். இருட்டிய பிறகு பொரிக்கும். கண்ணும் வாலும் மட்டும் தெரியும் அந்தக் குஞ்சுக்கு முதலில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர், பிறகு ஆர்ட்டீமியா. இரண்டு வாரத்தில் வெள்ளைப் பட்டை விழத் தொடங்கும். சில மாதத்தில் விற்பனைக்கு வரும். இந்த மீன் தீவனம் தின்னப் பழகியது, கண்ணாடி பார்த்து வளர்ந்தது. கடலில் பிடித்த மீனை விட நம் வீட்டில் பிழைக்க வாய்ப்பு அதிகம். ப்ளூ டேங் அப்படியில்லை. 2016-ல்தான் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக அதைத் தொட்டியில் பிறக்க வைத்தார்கள். கடைக்கு வருவது பெரும்பாலும் இன்றும் கடலில் பிடித்ததே.

ஆகவே கடைக்குப் போனதும் முதலில் 'ஹேட்சரி மீனா?' என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வேறு கடை பாருங்கள். பவளமோ பவளக் கல்லோ காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அளவைப் பொறுத்தவரை எங்கள் தீர்ப்பு இது: நெமோவும் சின்ன மீன்களும் போதும் என்பவர்களுக்கு மூன்றடி. இடமும் நேரமும் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு நாலுக்கு ரெண்டுக்கு ஒன்றரையடி. தரைத்தளம், இரண்டு பேட்டரி, தட்டுப்பாடில்லாத நல்ல தண்ணீர், வாளி தூக்க இன்னொரு ஆள் ஆகிய நான்கும் உள்ளவர்களுக்கு மட்டும் ஆறடி. இரண்டு அளவுகளுக்கு நடுவில் மனசு ஊசலாடினால் சின்னதையே வாங்குங்கள்.